ஒற்றைக் கோடு

முந்நூற்றைம்பது ரூபாய்... அதைத் தங்கபாய் மதினிக்கு இன்றைக்குக் கொடுத்தால்தான் அழகு, முன்னமே கொடுத்திருந்தால் தோற்றவள் கட்டின தண்டம் ஆகியிருக்காதா, என்று நினைத்தபடி வெள்ளத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் மகள் கார்த்திகாவை மடியில் இறுக்கினாள், ஒன்றரை வயசுப் பிள்ளை வழுக்கி இறங்கப் பார்த்தது, குத்தின விரலில் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கிறது, உள்ளே எச்.ஐ.வி. கடைசிச் சோதனை நடக்கிறது, கோடு ஒன்றா இரண்டா... பிள்ளைக்கு ஒன்பது மாதத்தில், இவள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வேலைக்குப் போயிருந்த பகலில், புருஷனின் அக்கா தங்கபாய் பிள்ளையைத் தூக்கிப்போய் ஏதோ ஒரு லேபில் பார்த்துவிட்டாள், அந்தச் செலவுதான் முந்நூற்றைம்பது. "ஏட்டி, ரெண்டு கோடு விழுந்திருக்கு. ஒனக்கு இருக்கது பிள்ளைக்கும் வந்துருச்சு. மாத்திரைய முழுங்கி முழுங்கி என்னத்தக் கிழிச்ச?" தெருவுக்கே கேட்டது. எப்படித்தான் அழாமல் நின்றோம்? "அது பிள்ளை கோடு இல்ல மதினி, என் கோடு."

இந்த ஆஸ்பத்திரி கவுன்சிலர் பானுப்பிரியா மேடம் கர்ப்பத்திலேயே சொல்லியிருந்தார், அம்மா உடம்பு கிருமியை எதிர்க்க உண்டாக்கினது பிள்ளை ரத்தத்துக்கும் போகும், கோடு போடுகிற கிட் அதைத்தான் பார்க்கும், கிருமியைப் பார்க்காது, "ஒங்க ரத்தம் பிள்ளைக்குக் குடுத்த கடன் வெள்ளத்தாயி, ஒன்றரை வயசுக்குள்ள தானாக் கழிஞ்சிரும், அதுக்கு முந்தி விழுற கோட்ட நம்பாதீங்க." நம்பவேண்டியது பி.சி.ஆர்., அட்டையில் ரத்தச் சொட்டு வாங்கிக் கிருமியையே தேடுவது, ஆறாம் வாரத்திலிருந்து மூன்று தடவை தேடியும் இல்லை. கம்பெனியில் துணி சோதிக்கும்போதும் அப்படித்தானே, முதல் மேஜைக்காரி பஞ்சுத் தூசியைக் கண்டாலும் டேமேஜ் என்று ஒதுக்குவாள், பொய்க்காரி இல்லை, ஒன்றும் தப்பிவிடக் கூடாதென்ற பயம், அடுத்த மேஜையில் வெளிச்சத்தில் விரித்தால்தான் ஓட்டையா தூசியா தெரியும்... ஒரு நாள் மாத்திரை தவறினேனா, பிள்ளைக்கு மருந்து ஊற்ற மறந்தேனா, என் ரத்தத்திலிருந்து என் பிள்ளையை நானே காத்தேன், எவ செய்வா? ஆனாலும் இந்தக் கதவு ஏன் இன்னும் திறக்கவில்லை...

"வெள்ளத்தாயி, வாங்க." மூன்று கிட், மூன்றிலும் ஒற்றைக் கோடு. "பிள்ளைக்கு இல்லம்மா. இனி டெஸ்ட்டே வேண்டாம்." இரண்டாவது கோடு விழவேண்டிய இடத்தையே வெள்ளத்தாய் பார்த்தாள், வெளுத்த துணி மாதிரி, ஒரு தூசி இல்லை. தலை தானாக நிமிர்ந்தது.

சாயங்காலம் மதினி வீட்டு வாசலில் வெள்ளத்தாய் ரூபாயை நீட்டினாள். "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு நீங்க எனக்குத்தான் டெஸ்ட் எடுத்தீக மதினி, அந்தச் செலவு என்னுது, வாங்கிக்கோங்க." மதினி எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டாள், பிள்ளையைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினாள். கார்த்திகா இவள் விரலை உதறிவிட்டுத் தானாக நடந்து போனது, ரத்தத்தில் இருந்த கடனும் கழிந்தது, இவளுடையது ஒரு கோடுகூட மிச்சமில்லை அதனிடம், இதைத்தானே கேட்டாய் வெள்ளத்தாய், பிறகு ஏன் அந்த விரல் மட்டும் இன்னும் மடங்கியே இருக்கிறது...