பார்க்கவில்லை என்றும் ஒரு பதில்

மருத்துவப் படிப்பில் தங்கப் பதக்கம் வாங்க மேடையேறியபோதுகூட, "மொக்கம்மாள்" என்ற பெயரைக் கேட்டுத்தான் முன்வரிசை நிமிர்ந்து பார்த்தது. தேவதானப்பட்டிக்காரியான அவள் அந்தக் கிராமத்துப் பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லை. 2007-ல், தேனிக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவக் கல்லூரியில் அவள் பொது மருத்துவத்தில் உதவிப் பேராசிரியை.

அந்த ஆண்டு அவளும், பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய அவள் கணவன் சுருளிராஜனும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதி முடித்திருந்தார்கள். நோயாளியின் தொந்தரவுகளைப் பதிந்தால் மருத்துவரைப் போலவே அது மேற்கொண்டு கேள்வி கேட்கும். பதில்களை எடைபோட்டு, என்னென்ன நோயாக இருக்கலாம் என்று வரிசைப்படுத்தும். அப்படி நினைத்த காரணத்தையும் சொல்லும். செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லே அப்போது கல்லூரியில் பலருக்குப் புதிது.

கேள்விகளுக்கு "உண்டு", "இல்லை" என்ற இரண்டு பதில்கள் போதும் என்றான் சுருளிராஜன். மூன்றாவதாகப் "பார்க்கவில்லை" என்றும் ஒன்று வேண்டும் என்று மொக்கம்மாள் அடம்பிடித்தாள்.

"பாக்காமயே இல்லைன்னு எழுதுறதுதாங்க எங்க தொழில்ல பெரிய பாவம்."

வகுப்பில் ஒரு கம்ப்யூட்டரில் அதைப் போட்டு மாணவர்களைப் பழகவிட்டாள். துறைத்தலைவர் நாகராஜுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் கைராசிக்காரர், வயிற்றைத் தொட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார்.

"பிள்ளைக சொந்த மூளைய வச்சு யோசிக்கணும்மா. பெட்டியக் கேட்டுச் சொல்றவன் டாக்டரா? இந்த மாசத்தோட அத வகுப்புல இருந்து எடுத்துருங்க."

மொக்கம்மாள் வீட்டுக்கு வந்து சுருளிராஜனிடம் சொல்லி அழுதாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் மலையடிவாரத்து லோயர் கேம்பிலிருந்து ஜக்கம்மாவைக் கொண்டுவந்தார்கள். ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவள். ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல். மூச்சு இரைத்தது. பக்கத்தில் நின்ற புருஷன் ராக்கப்பனையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஊசி போட்டாக, மாத்திரை குடுத்தாக, காச்ச விடமாட்டேங்குது டாக்டரம்மா. என்னைய யாருன்னு கேக்குறா" என்று ராக்கப்பன் அழுதான்.

மலேரியா இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. டைபாய்டுக்குக் கொடுத்த மருந்து கேட்கவில்லை. எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று நாகராஜ் பென்சிலின் போடச் சொன்னார். மழைக்காலத்தில் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் மறுநாள் அவளுக்கு ஆக்சிஜன் வைக்கவேண்டியதாயிற்று.

இறுதியாண்டு மாணவி கயல், வகுப்பிலிருந்த கம்ப்யூட்டரில் ஜக்கம்மாவின் விவரங்களைப் பதிந்தாள். எலிக்காய்ச்சலைத்தான் அதுவும் முதலில் காட்டியது. நான்காவதாக ஸ்க்ரப் டைபஸ் என்றது: புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்து வரும் காய்ச்சல். அதன் கீழே ஒரு வரி: "இதற்குப் பதில் கிடைத்தால் வரிசை மாறலாம். தோல் மடிப்புகளில் வலியில்லாத கரும்பொருக்கு இருக்கிறதா?" அந்தக் கேள்விக்குக் கயல் "பார்க்கவில்லை" என்று பதிந்திருந்தாள்.

கயல் ஓடிவந்தாள். "மேடம், அந்தம்மாவ நாம யாருமே முழுசாப் பாக்கல."

மொக்கம்மாளுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். ஆணும் பெண்ணுமாக இத்தனை மாணவர்கள் சுற்றி நிற்க, சேலையை விலக்கிப் பார்க்க எல்லோருக்கும் கூச்சம். கையையும் வயிற்றையும் பார்த்ததோடு நகர்ந்துவிட்டார்கள், தான் உட்பட.

திரையை இழுத்துவிட்டு இருவரும் தேடினார்கள். கக்கம், இடுப்பு, தொடையிடுக்கு. ஒன்றுமில்லை. இடது மார்பைத் தூக்கிப் பார்த்த கயல் அப்படியே நின்றாள். அடியில், பீடி நெருப்பு சுட்டதுபோல ஒரு கரும்பொருக்கு.

பதிலை மாற்றியதும் நான்காவது இடத்திலிருந்த நோய் முதலிடத்துக்கு ஏறியது. மொக்கம்மாள் நேரே நாகராஜின் அறைக்குப் போனாள்.

"அது புத்தகத்துல இருக்கிற நோயும்மா. இந்தப் பக்கம் நான் பாத்ததே இல்ல."

"நாம தேடிப் பாக்கல சார். ஒரு தடவ வந்து பாருங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை எழுப்பியது. வந்தார், குனிந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

நிமிர்ந்தவர், "டாக்ஸிசைக்ளின் எங்க? இன்னும் ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்று சத்தம் போட்டார்.

மூக்குக்குழாய் வழியாக மருந்து இறங்கியது. இரண்டாம் நாள் காலையில் மொக்கம்மாள் வார்டுக்குள் நுழையும்போதே ராக்கப்பன் எதிரே ஓடிவந்தான்.

"டாக்டரம்மா, என்னைய வஞ்சுட்டா! ஏய்யா, இம்புட்டுத் தாடியோட நிக்கிறியேன்னு வஞ்சுட்டா!"

ஜக்கம்மாவின் நெற்றி குளிர்ந்திருந்தது. கயல் வராந்தாவுக்குப் போய் வாய்விட்டு அழுதாள். மொக்கம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்த ரத்தமும் அதே நோய் என்று பின்னால் உறுதி சொன்னது.

அந்த மழைக்காலம் முழுக்கக் கம்பம், கூடலூர், பண்ணைப்புரம் பக்கமிருந்து அதே காய்ச்சலோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இப்போது மாணவர்கள் கூச்சப்படாமல், திரை போட்டு, தலை முதல் கால் வரை தேடினார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் குணமாகி வீடு திரும்பினார்கள். நாகராஜ் கம்ப்யூட்டரை வகுப்பிலிருந்து எடுக்கத்தான் செய்தார். எடுத்து வார்டின் நடுவில் தனி மேசை போட்டு வைத்தார்.

மதுரையில் நடந்த மருத்துவர் மாநாட்டில் அந்த நோயாளிகளைப் பற்றிப் பேச அவரைத்தான் அழைத்திருந்தார்கள். மேடையேறியவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இது நான் செஞ்சது இல்ல. டாக்டர் மொக்கம்மாள், மேல வாங்க" என்றார். அரங்கம் கைதட்டியது. பின்வரிசையில் இருந்த சுருளிராஜன் எழுந்து நின்று தட்டினான்.

தை பிறந்ததும் ஜக்கம்மா மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டிருந்தாள். எஸ்டேட் ஜீப் நிரம்பி வழிந்தது. "ஏலே, நகந்து உக்காருங்கடா, ஆளு வந்தாச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளே இடம் தானாக விலகியது. ஜீப் மலையேறத் தொடங்கியது.