கிட்டயா, தூரமா?

1.

ஒரு கேள்விக்கு நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். இந்தக் கதை அதிலிருந்து வந்தது. 'நான்' என்று எழுதினால், நேர்மையான பெண் என்று முதுகைத் தட்டிவிடுவீர்கள். வேண்டாம். அவள் பெயர் புனிதா என்று இருக்கட்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவள் அம்மா இராஜம்மா, கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கண்புரை முற்றி, நான்கு மாதமாக வேன் வாசலிலேயே நிற்கிறது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'பனித்திரை விலகுவதைப் போல இராஜம்மாவின் வாழ்வில்—'

அடித்துவிட்டேன். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போனது, அவ்வளவுதான். அதில் தத்துவம் தேடுகிறவர்கள் அந்தக் கண்ணோடு கிள்ளானில் ஒரு சாலையைக் கடந்து காட்டட்டும்.

2.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண் மருத்துவமனை. டாக்டர் ஜெயந்திரன் மேசையிலிருந்த பிளாஸ்டிக் கண் மாதிரியைக் கழற்றி வைத்து விளக்கினார். சின்னக் கீறல் போட்டு, ஒலியதிர்வால் பழைய லென்ஸை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த புது லென்ஸை உள்ளே விரியவிடுவார்கள். பெரும்பாலும் தையல் கிடையாது. அன்றே வீட்டுக்குப் போகலாம்.

"லேசர் டாக்டர்?"

"லேசர்லயும் வெட்டலாம். அம்மா கண்ணுக்குக் கையாலேயே போதும்."

(அடியில் போட வேண்டிய குறிப்பு: எல்லாவற்றையும் அவர் புனிதாவைப் பார்த்தே சொன்னார். இங்கிலீஷ் பேசும் பிள்ளை கூட வந்தால், நோயாளி அறையில் இன்னொரு நாற்காலி.)

"கிட்ட, தூரம் ரெண்டுமே காட்டுற லென்ஸ் இருக்கு. ஆனா இருட்டுல லைட்டைச் சுத்தி வளையம் தெரியலாம். அம்மா விடியறதுக்கு முன்னாடியே வேன் எடுக்கிறாங்க, சரிப்படாது. ஒரு தூரத்துக்கு மட்டும் வைப்போம். கண்ணாடி இல்லாம எது தெளிவா தெரியணும்? கிட்டயா, தூரமா?"

"தூரம் டாக்டர். டிரைவர்லா அவங்க," என்றாள் புனிதா.

"கிட்ட," என்றார் இராஜம்மா.

"ம்மா, சும்மா இரு. நீ வேன் ஓட்டுறே!"

"வேனுக்குக் கண்ணாடி போட்டுக்கிறேன். இருபது வருஷமா போட்டுத்தானே ஓட்டுறேன்? உன்னைக் கேட்டா ஓட்டுனேன்?"

"கிட்ட என்னத்தைப் பாக்கப் போறே?"

"நீ படிச்சுச் சொன்னதையெல்லாம் நானே ஒரு தடவ படிக்கணும்."

டாக்டர் பிளாஸ்டிக் கண்ணை மெதுவாக மூடி வைத்தார்.

3.

[இந்தப் பகுதியை இரண்டு முறை நீக்கினேன்.]

கிட்டப் பார்வையும் மங்கிய பிறகு, வீட்டுக்கு வரும் கடிதங்களைப் புனிதாதான் படித்துச் சொல்வாள். போன ஜூலையில் அரசு மருத்துவமனையிலிருந்து அறுவை சிகிச்சைக்குத் தேதி வந்தது. அதே வாரம் அவளுக்கு இறுதித் தேர்வு. "இன்னும் தேதி வரலம்மா," என்றாள். போன் செய்து வேறு தேதி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அம்மாவுக்கு இது தெரியுமா? எழுதுகிற எனக்கே தெரியாது. 'இராஜம்மா மகளை மார்போடு அணைத்து, கண்ணீர்—'

மாட்டேன். மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்ள மாட்டேன்.

4.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. தூரம் என்றால் மகள் ஜெயித்தாள். கிட்ட என்றால் அந்தக் கடிதம் ஒருநாள் அம்மா கைக்குப் போகும். மூன்றாவது, டாக்டர் சொன்னது: "ஒரு கண்ணுக்குத் தூரம், ஒரு கண்ணுக்குக் கிட்ட வைக்கலாம். சிலருக்குப் பழகிடும், சிலருக்கு ஒத்து வராது."

சமரசம் என்றதும் உங்களுக்குப் பிடித்துவிட்டது, இல்லையா? புனிதாவுக்கும்தான். வாயைத் திறந்துவிட்டாள்.

ஜெயந்திரன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். நாற்காலியை முதல்முறையாக இராஜம்மா பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

இந்த இடத்தில் முடிவை உங்களிடம் விட்டுவிட்டு நழுவலாம் என்றிருந்தேன். கொடுக்க என்னிடம் ஏதுமில்லை. மூன்று முடிவுகளை வரிசையாக அடுக்கினேனே, யாருடைய கண்ணுக்கு?

"நான் அப்பவே சொல்லிட்டேனே, டாக்டர்," என்றார் இராஜம்மா.