பதினான்காவது கேள்வி

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் படிந்திருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டுச் சுஷ்மா நிமிர்ந்தபோது, தங்கப்பொண்ணு அத்தை தாம்பாளத்தோடு கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தாள். மஞ்சள், குங்குமம், ஒரு பந்து மல்லிகை, பச்சைக் கண்ணாடி வளையல்கள். அவரைத் தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டுமென்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். வளையல் போட்டு, பூ வைத்து, பொட்டிட்டு, பிறகு எல்லார் முன்னாலும் அவற்றை எடுத்துவிடுவது.

அம்மா முத்துமீனா பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் அழவில்லை. முப்பது வருடம் சமூகவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வே இதைப் பற்றித்தான்: மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கணவனை இழந்த பெண்களுக்குச் செய்யும் சடங்குகள். அது புத்தகமாகவும் வந்தது. வாசலில் நின்ற பழைய மாணவிகள் எல்லாரும் அதைப் படித்தவர்கள். தாம்பாளத்தையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

சுஷ்மா எழுந்து வழியை மறித்தாள். "வேண்டாம் அத்தை. அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு உங்களுக்கே தெரியும்."

"ஓங்கம்மாவுக்காகவா செய்றேன்? எந் தம்பிக்குச் செய்றேன்." அத்தை குரலை உயர்த்தவில்லை. அழுதழுது அது கரகரத்துப் போயிருந்தது. "செய்யலேன்னா நாளைக்கு என்னையத்தான் கேப்பாக."

அப்பா அசோக்குமார் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். நேற்றுச் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, நெஞ்சை என்னவோ செய்கிறது என்று சாய்ந்தவர்தான். அம்மா ஆய்வு செய்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் அவளை ஊர் ஊராகக் கூட்டிப்போனது அவர். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் அம்மா உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் அந்த வீட்டு ஆண்களை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். மழை, மாடு, தேர்தல் என்று எதையாவது பேசிப் பிடித்து வைத்திருப்பார். கூச்சப்படுகிற மனுஷன், எனக்காகத்தான் பேசக் கத்துக்கிட்டாரு என்று அம்மா சொல்வாள்.

அம்மா இப்போது சுஷ்மாவை விலகச் சொன்னாள். பக்கத்து நாற்காலியை அத்தைக்குக் காட்டினாள். அத்தை தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மதினி, சமயநல்லூர்ல உங்க வீட்டுக்குக் கேள்வித்தாளோட வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

அத்தை தலையசைத்தாள். அம்மா பேட்டி எடுத்த முதல் பெண்ணே அவள்தான். மாமா லாரி மோதிச் செத்தபோது அத்தைக்கு இருபத்து நாலு வயது. அந்தச் சடங்கின்போது உங்கள் மனநிலை எப்படி இருந்தது என்பது பதினான்காவது கேள்வி. 'என்னத்தச் சொல்ல' என்றாள் அத்தை. அவளுக்குப் பிறகு எத்தனையோ பெண்களும் அதையேதான் சொன்னார்கள். அம்மா எல்லாவற்றையும் 'பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டாள். அட்டவணையில் அந்தக் கட்டத்தில்தான் பெரிய எண் இருந்தது.

"அன்னைக்கு நான் அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்," என்றாள் அம்மா. "இப்பக் கேக்குறேன். எப்படி இருந்துச்சு மதினி?"

அத்தை மடியிலிருந்த வளையல்களைப் பார்த்தாள். சுஷ்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா விரலை லேசாக உயர்த்தி நிறுத்தினாள். பெட்டியின் மோட்டார் ஓடி நின்றது. வெளியே யாரோ டீ டம்ளர்களை அடுக்கினார்கள். அம்மா அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் போக வேண்டியிராதவளைப் போல இருந்தாள்.

"கை வலிச்சுச்சு," என்றாள் அத்தை கடைசியில். "கல்லுல வச்சு அடிச்சாக. கண்ணாடி கிழிச்சு ஒரே ரத்தம். அவரு போனதுக்கு அழுகுறேன்னு எல்லாரும் நெனச்சாக. நான் கைவலிக்குத்தான் அழுதேன். அவருக்கு அழணும்னு நெனைக்கையில தூக்கிட்டுப் போயிட்டாக. இத யாருட்டச் சொல்ல?"

அவள் இடது மணிக்கட்டைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அம்மா தன் இரண்டு கைகளையும் தாம்பாளத்தின்மேல் நீட்டினாள்.

"உங்க தம்பிக்குச் செய்யணும்னா செய்யுங்க மதினி. நான் வேணாம்னு சொல்லல."

மாணவிகளில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அம்மாவின் கை பருத்தது. வளையல் விரல் முட்டியில் தடைப்பட்டபோதெல்லாம் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, நோகாமல் ஏற்றினாள். பூவைத் தலையில் வைத்தாள். பொட்டிட்டாள். பிறகு அம்மாவின் தோளைப் பிடித்துப் பெட்டிப் பக்கமாகத் திருப்பினாள். அம்மா கண்ணாடிமேல் குனிந்தாள். அவள் முதுகு குலுங்கத் தொடங்கியது. அது அடங்குகிற வரை அத்தை அப்படியே நின்றாள். பிறகு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"வளையல எடுக்கலையே ஆத்தா," என்றாள் உறவுக்காரக் கிழவி ஒருத்தி.

"எந் தம்பி பாத்துட்டான். அம்புட்டுப் போதும்," என்றாள் அத்தை. யாரையும் பார்க்காமல், வண்டி வந்தாயிற்றா என்று கேட்டாள்.

வண்டி வந்திருந்தது. ஒரே பிள்ளை என்பதால் சுஷ்மாதான் கொள்ளி வைக்க வேண்டும். அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். பெண்கள் தெருமுனை வரை நடந்து வந்து நின்றார்கள். ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். வண்டி பெரிய சாலையில் ஏறக் காத்திருந்த நேரத்தில் சுஷ்மா பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். தெருவின் நடுவில் அம்மாவும் அத்தையும் மட்டும் நின்றிருந்தார்கள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். தெருவுக்குள் திரும்பிய ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது. அவர்கள் விலகவில்லை. ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.