நடுவில் சூசையப்பர்

பசை காயும்வரை சுவாமிதாஸ் புனிதரை விரலால் அமுக்கிப் பிடித்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து புனிதர்களைக் கிண்டல் செய்தவர், இப்போது ஒருவரின் நெஞ்சில் விரல் வைத்து, அசையாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

புனிதர்கள் எல்லாம் மனைவி மெற்றில்டாவின் ஆட்கள். மந்திரித்த ஜெபப்படங்களைக் குப்பையில் போடக்கூடாது என்பது கத்தோலிக்கர் வழக்கம். அதனால் நேமம் ஊரில் நைந்துபோன படங்களெல்லாம் அவளிடம் வந்து சேரும். உருவங்களை மட்டும் வெட்டியெடுத்து, ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கிய சரிகையும் முத்தும் சுற்றி ஒட்டி, சட்டம் போட்டுக் கொடுப்பாள். புனிதர்களை வணங்காத சி.எஸ்.ஐ. சபைக்காரரான சுவாமிதாஸ் அதை ‘சொர்க்கத்து ஆதார் ஆபீஸ்’ என்பார். அன்றைக்கு மீன்குழம்பில் அவருக்கு வால்துண்டுதான் கிடைக்கும்.

கடைசியாக ஒன்றைத் தன் கல்லறைக்கென்றே செய்தாள். சுற்றிலும் இறக்கை விரித்த தேவதூதர்களான சம்மனசுகள், நடுவே முட்டை வடிவில் வெற்றிடம். இயேசுவை வளர்த்த தகப்பன், நல்ல மரணம் வாங்கித் தருகிற சூசையப்பர் அங்கே வரவேண்டும். அதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சுவாமிதாஸ் கீழே மருந்துக்கு வரிசையில் நின்ற நேரம் பார்த்து, ஐ.சி.யு.வில் தனியாகப் போய்ச்சேர்ந்தாள். அது நல்ல மரணம்தானா என்று யாரிடம் கேட்பது? அவருடைய சபையில் அந்தத் துறைக்குத் தனி ஆள் கிடையாது. சூசையப்பரையாவது அவளிடம் சேர்த்துவிட வேண்டும். நாளைக்கு நாற்பத்தொன்றாம் நாள் பூசை.

சூசையப்பர் கையில் லீலிப்பூவும் குழந்தை இயேசுவும் இருக்கும் என்று அவள் எப்போதோ சொன்னது ஞாபகமிருந்தது. அவள் படங்கள் வெட்டிவைத்திருந்த பெட்டியைக் கிளறி அப்படி ஒருவரைப் பிடித்து ஒட்டியும்விட்டார்.

மெற்றில்டாவின் தங்கை ஜெசிந்தா வந்து குனிந்து பார்த்தாள்.

“அத்தான், இது ஆரு?”

“சூசையப்பர். பூவும் பிள்ளையும் உண்டுல்லா.”

“அது அந்தோணியாருக்கும் உண்டு. நடுமண்டையில மொட்டை பாத்தியளா? அந்தோணியாராக்கும். காணாமப்போன சாவியத் தேடித் தாறவரு.”

“எல்லாருக்கும் ஒரே பூவா? உங்க சொர்க்கத்துல வேற பூவே இல்லியா?”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. “அக்கா கேட்டது இவரை இல்லியே,” என்றாள்.

சுவாமிதாஸ் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். அடியிலிருந்த சம்மனசின் இறக்கையும் சேர்ந்து உரிந்தது. கையை எடுத்துவிட்டார். ஜெசிந்தா பெட்டி முழுக்கத் தேடினாள். வேறு சூசையப்பர் இல்லை. இருந்தவர்களையெல்லாம் அக்கா யார் யாருடைய சாவுக்கோ கொடுத்துத் தீர்த்திருந்தாள்.

“ரெண்டுபேருக்கும் என்ன வித்தியாசம்?”

“சூசையப்பருக்குத் தாடி உண்டு.”

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அத்தான், பாவமாக்கும்.”

“என் பேர்ல எழுதிக்கட்டும்.”

தாடி கோணலாக வளர்ந்து ஒரு காதைத் தொட்டது. ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பேனாவை வாங்கி, மொட்டை தெரிந்த இடத்தில் ஒவ்வொரு மயிராக வரைந்தாள். மை கலைந்துவிடாமல், நோயாளிக்குக் கஞ்சி ஆற்றுவதுபோல மெல்ல ஊதினாள். தாடிக்குள்ளிருந்து யாரோ ஓர் இளைஞர் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.