குறட்டைக்காக ஒரு ஜெபம்

அன்று சபையில் இருந்தவர்கள்: போதகர், கீபோர்டு வாசிக்கும் தையல்காரர், காலை நீட்டி உட்கார முதல் வரிசையைப் பிடித்துக்கொண்ட பஸ் டிரைவர், வெல்டர், வெல்டரின் மனைவி, இழுப்பு நோய் உள்ள அவர்களுடைய சின்ன மகள், மனைவியின் தம்பி, இன்னும் முப்பது பேர். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, நகரத் தலைவரின் மனைவி. அவள் எப்போதாவதுதான் வருவாள். அன்று வந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், வெல்டரைத் தவிர.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரத்தில் இருப்பவரிடம் முறையிடப் போகிறவன், அதற்கு முந்தின ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று அந்த ஆளுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். "திட்டணும்னா திட்டுங்க. ஆனா ஜெபிச்சுட்டுத் திட்டுங்க" என்பார் போதகர். ஜெபித்த பிறகு பாதிப் பேருக்குத் திட்ட வராது என்பது அவர் நம்பிக்கை. வெல்டரிடம் அது பலிக்காது என்பது மற்றவர்கள் நம்பிக்கை.

அவனுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. தெருமுனையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியைத் தலைவர் மூடிவிட்டார். மகளுக்கு இழுக்கும்போதெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. மறுநாள் நகர அலுவலகத்தில் ஜனங்களிடம் குறை கேட்பார்கள். தெருவுக்காகப் பேச வெல்டரைத்தான் பிடித்திருந்தார்கள். வாய் அப்படி.

தலைவர் ஒருமுறை மேடையில், மைக்குக்கு முன்னாலேயே தூங்கிப் போனார். அன்றிலிருந்து பட்டறையில் அவர் பெயர் குறட்டை. வெல்டர் அதை நடித்துக் காட்டினால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

அவன் எழுந்து நின்று கண்ணை மூடினான். "பிதாவே, எங்க நகரத் தலைவர்..."

பெயர் வரவில்லை. வீட்டில், பட்டறையில், தெருவில், எங்கேயும் அந்தப் பெயரை அவன் சொன்னதே இல்லை. எவ்வளவு நேரந்தான் ஆண்டவரைக் காக்க வைப்பது? பதற்றத்தில், "...குறட்டையை ஆசீர்வதியும்" என்று முடித்துவிட்டான்.

முதலில் சிரித்தது டிரைவர். பிறகு சபையே சிரித்தது. தையல்காரரின் முழங்கை கீபோர்டில் விழுந்து அதுவும் ஒருமுறை அலறியது. போதகர் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்து காதில் பெயரைச் சொன்னார். வெல்டர் திருத்திச் சொல்லி, ஆமென் போட்டு, கண்ணைத் திறந்தபோதுதான் தூணுக்குப் பக்கத்தில் சிரிக்காத ஒரே முகத்தைப் பார்த்தான்.

ஆராதனை முடிந்ததும் வாசற்படியில் அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"குறட்டை நிஜந்தான் தம்பி. பக்கத்துல படுக்கிற எனக்குத் தெரியாதா?"

"மன்னிச்சிருங்கக்கா. ஏதோ வாய் தவறி..."

"தவறல. பழகிருக்கு." கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். "போன தடவை குறை கேக்கிறப்போ கூட்டத்தோட கூட்டமா வந்தீங்களே, என்ன கேட்டீங்க?"

வெல்டர் யோசித்தான். ஒன்றும் கேட்கவில்லை. குறட்டை விட்டுக் காட்டினான். கூட்டம் சிரித்தது. தலைவர் முகம் சிவந்து எழுந்து போய்விட்டார்.

"வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'நல்லவேளை, ஆஸ்பத்திரியப் பத்தி ஒருத்தனும் கேக்கல'ன்னாரு. அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல. தப்பிச்சுட்டாரு. தப்பிக்க விட்டது நீங்க." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "அப்புறம், அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்த என் தம்பிக்கு விக்கப் போறார்னு பேசிக்கிறீங்களாமே? எனக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது."

அதுவரை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மச்சான் மெல்ல நழுவினான். இல்லாத தம்பியை உண்டாக்கியவன் அவன்தான். அந்தப் பேச்சை ஊரெல்லாம் கொண்டுபோனவன் வெல்டர்.

மறுநாள் காலை மச்சான் ஓர் அட்டையோடு வந்து நின்றான். அதில் வரைந்திருந்த படத்தில், தலையணையில் தலைவர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

"இதத் தூக்கிப் பிடிச்சா சிரிச்சே சாவானுங்க."

"செத்தா எங்கடா தூக்கிட்டுப் போவ? ஆஸ்பத்திரிதான் இல்லையே. உள்ள வை."

"பயந்துட்டியா மச்சான்?"

"அவரும் ஆண்டவர் படைச்ச மனுஷன்தான், கேலி பண்ணமாட்டேன். அது ஒண்ணு. அவர இன்னைக்குத் தப்பிக்க விடமாட்டேன். அது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே ஆளு செய்யலாம்."

நகர அலுவலகத்தில் வெல்டரைக் கண்டதும் தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, எழுந்து போகத் தயாராக உட்கார்ந்தார். கூட்டம் குறட்டைக்குக் காத்திருந்தது. வெல்டர் அவரைப் பெயர் சொல்லி, ஐயாவும் சேர்த்துக் கூப்பிட்டான். வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று தலைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"கட்டடத்த உங்க வீட்டு ஆளுக்கு விக்கிறீங்கன்னு பேசினோம் ஐயா. பொய். நானும் பரப்பினேன். மன்னிச்சுக்கோங்க. தெருவிளக்கு போட்டீங்க, நல்லா எரியுது, அதுக்கு நன்றி. ஆனா ஆஸ்பத்திரிய மூடினது தப்பு. எம்மவ மூச்சுத் திணறுறப்போ நான் பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறேன். ஏன் மூடினீங்க? பதில் சொல்லுங்க. நான் உக்கார மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பத் தலைவருக்கு ஒரு சாக்கும் அகப்படவில்லை. தண்ணீர் குடித்தார். கூட இருந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். இருந்த டாக்டர் மாற்றலாகிப் போனதும் வேறு டாக்டர் கேட்டு எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

"விட்டுட்டேன். என் தப்புதான்." டாக்டர் கேட்டு இன்றே எழுதுவதாகவும், அதுவரை ஒரு நர்ஸைப் போட்டுத் திறப்பதாகவும் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"தூங்கிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே" என்று மச்சான் வெளியே வந்து முனகினான். வெல்டருக்கும் அதுதான் நாக்கில் அரித்தது. அடக்கிக்கொண்டான்.

டாக்டர் இன்னும் வரவில்லை. வரும்வரை வெல்டர் விடப்போவதும் இல்லை; மறுபடி ஜெபிக்க வேண்டியிருக்கும், பெயர் மனப்பாடம். ஆனால் நர்ஸ் வந்துவிட்டாள். ஒரு சாயங்காலம் மகளுக்கு இழுத்தது. தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைவரை நடந்தான், அவ்வளவுதான். நர்ஸ் மூக்கையும் வாயையும் மூடி மருந்துப் புகை வரும் முகமூடியை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு விசில் அடிப்பதை நிறுத்தியது.

"அப்பா, அந்தக் குறட்டை விட்டுக் காட்டேன்."

"அது இனிமே கிடையாது. வேணும்னா உங்க மாமா விடுறத விட்டுக் காட்டுறேன்."

அதையே விட்டுக் காட்டினான். மகள் இருமாமல் சிரித்தாள்.

"நீங்கதான் கடைசி. கிளம்புங்க" என்றாள் நர்ஸ். விளக்கை அணைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னாலேயே வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.