கோதண்டத்தின் கழுத்துக்கு ஒரு விலை

ஒன்பது வருஷமாகக் கோதண்டத்தின் தலை பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. மன்னார்குடியில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸை ஒரு லாரி பின்னாலிருந்து இடித்தது. லேசான இடி. பஸ்ஸுக்கு ஒரு விளக்கு மட்டும் உடைந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த கோதண்டத்தின் தலை முன்னே போய்ப் பின்னே வந்தது. வந்த வேகத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அரைச்சுற்றுச் சுற்றிப் போய் நின்றுகொண்டது.

டாக்டர் பார்த்துவிட்டுச் சுளுக்கு என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள். தலை அப்படியே இருந்தது. கூடவே ஒரு வலி வந்து பிடரியில் குடியேறியது. ஆணி அடித்த மாதிரி வலி. படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி, தும்மினால் உயிர் போய் உயிர் வரும்.

வேலைக்கு ஒன்றும் பங்கமில்லை. கூட்டுறவு சொசைட்டியில் உர மூட்டை எடை போடுகிறவர் அவர். தராசைத் தூக்கி அவர் முதுகுப்பக்கம் வைத்துவிட்டார்கள். மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான், சொல்லுங்கள்.

நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸும் ஒன்பது வருஷமாக நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா. வக்கீல் பூவராகன் நல்ல மனுஷர். தேதி வாங்கி வாங்கி, நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தேதி கிழிக்கும் காலண்டராகவே ஆகிவிட்டார். மேலே முருகன் படம், கீழே தாள் கட்டு. அதற்கப்புறம் கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் அவரை ஆணியிலிருந்து கழற்றி, மஞ்சள் பையில் வைத்து எடுத்துப் போக வேண்டியிருந்தது. அதையும் சுமந்தது கோதண்டத்தின் பெண்சாதி அஞ்சுகம்தான்.

இப்படி இருக்கையில் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கம்பெனி சமரசத்துக்கு வருகிறதாம். வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து சரியென்றோ முடியாதென்றோ சொல்ல வேண்டுமாம். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பணம் கொடுத்த பிறகு காயம் கம்பெனிக்குச் சொந்தம், ஆகவே காயம் அங்கேயே கழற்றி எடுத்துக்கொள்ளப்படும், தலை பழையபடி முன்பக்கம் வைத்துத் தரப்படும்.

வேறொருவனாக இருந்தால் குதித்திருப்பான். கோதண்டம் அந்தக் கடிதத்தைத் தோளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நாலு தரம் படித்தார். படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கோதண்டத்தின் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் முன்னால் போவான், பெண்சாதி பத்தடி பின்னால் வருவாள். கோயிலுக்கானாலும் சரி, ஆஸ்பத்திரிக்கானாலும் சரி. புருஷன் திரும்பிப் பார்க்கமாட்டான். பார்த்தால், பெண்டாட்டி தாசன் என்று டீக்கடையில் பேச்சாகிவிடும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கோதண்டம் அப்படித்தான் நடந்தார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் அவர் யோசித்ததில்லை.

லாரி இடித்ததற்கு மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடந்தபோதுதான் முதல்முதலாக அவளைப் பார்த்தார். அஞ்சுகம் பையை இடது கையில்தான் தூக்குகிறாள், வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வழியில் கட்டியிருக்கிற ஆட்டிடம் ஏதோ கேட்டுவிட்டு வருகிறாள். சுவரொட்டி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கிறாள். தனக்குத்தானே சிரிக்கிறாள். நல்ல சிரிப்பு, முன்பல் ஒன்று கோணல். இத்தனை வருஷமும் இவள் இப்படித் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டா வந்தாள் என்று நினைத்தபோது கோதண்டத்துக்கு வெட்கமாகப் போயிற்று. பிடரி வலியையும் மறந்து அவளையே பார்த்துக்கொண்டு ஒரு மின்கம்பத்தில் போய் மோதினார்.

அன்றிலிருந்து அவள்தான் அவருக்குக் கண். பின்னால் வந்துகொண்டே, "சாக்கடை, சோத்தாங்கை பக்கம் போங்க", "மாடு, நில்லுங்க" என்பாள். அவர் முன்னால் நடப்பார், அவள் முகத்தைப் பார்ப்பார். வழக்கமும் கெடவில்லை, ஊரும் பேசவில்லை. கழுத்து வலித்தது, மனசு நிறைந்திருந்தது. இப்போது கம்பெனி வந்து வலியைக் கொடு, பணம் தருகிறேன் என்கிறது. வலியைக் கொடுத்தால் அஞ்சுகத்தின் முகமும் கூடப் போய்விடும். சிக்கல் இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக்குப் போனார்கள். வாசலில் நுழைந்தால் ஒரு நடைபாதை. ஒரு ஆள் அகலம்தான் இருந்தது. நடக்க நடக்க நீண்டுகொண்டே போயிற்று.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் கோதண்டம்.

"கதவு தெரியுது. ஆனா அதுவும் நடக்குதுங்க" என்றாள் அஞ்சுகம். அவள் முகம் வாடியிருந்தது. நெற்றியில் வியர்வை. கோதண்டம் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

கடைசியில் கதவு களைத்துப்போய் நின்றது. உள்ளே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் கம்பெனி அதிகாரி அம்மா ஒருத்தி. கோதண்டம் அவள் முகத்தைப் பார்க்க உடம்பைத் திருப்பினார்.

"நெஞ்சு மேஜையைப் பாத்து இருக்கணும்" என்றது குரல்.

திரும்ப நெஞ்சைத் திருப்பிக்கொண்டார். எதிரே அஞ்சுகம். அதிகாரி என்ன சொன்னாலும் அது அஞ்சுகத்தின் முகத்தில் எப்படி விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் அவர் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"தலை உங்களோடதா?"

"ஆமாங்க."

"ஆதாரம்?"

"ஒட்டியிருக்கே."

"ஒட்டியிருக்கிறதெல்லாம் சொந்தமாயிடுமா. சரி, அது அப்புறம். சரியா, முடியாதா?"

"ஒரு சந்தேகம். நேராக்கினதுக்கு அப்புறம் எப்பவாவது திரும்பிப் பாத்துக்கலாமா?"

"கூடாது. திரும்பினா புதுக் காயம். புதுக் காயத்துக்கு நாங்க பொறுப்பில்ல. பணமும் திரும்ப வந்துரணும்."

"கண்ணாடி?"

"கண்ணாடியில பாக்குறதும் திரும்பிப் பாக்குறதுதான்."

கோதண்டம் யோசித்தார். அப்புறம் ஒன்பது வருஷத்தில் தோன்றாத ஒன்று தோன்றியது. அஞ்சுகத்தைப் பார்த்துக் கேட்டார். "நாம பக்கத்துல பக்கத்துல நடந்தா என்ன?"

"பக்கத்துல நடந்து எனக்குப் பழக்கமில்லீங்க" என்றாள் அஞ்சுகம்.

மஞ்சள் பைக்குள்ளிருந்து தாள் சலசலத்தது. வக்கீல் பூவராகன். அஞ்சுகம் அவரை எடுத்து மேஜை மேல் சாய்த்து வைத்தாள்.

"பத்தரைக்கு ராகுகாலம்" என்றார் வக்கீல். "அதுக்குள்ள சரின்னு சொல்லிடுங்க கோதண்டம். இதை விட்டா அடுத்த நல்ல நாள் என் கட்டுலயே இல்ல. நானும் கடைசித் தாளுக்கு வந்துட்டேன்."

"சார், வலி எனக்கு ஒண்ணும் பெருசில்ல."

"உங்களுக்கு இல்ல" என்றார் வக்கீல். அப்புறம் அன்றைய தேதியை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தார்.

கோதண்டம் அஞ்சுகத்தைக் கேட்டார். "நீ என்ன சொல்ற?"

"என்னத்த சொல்ல."

"உள்ளதைச் சொல்லு."

அஞ்சுகம் சுற்றிலும் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. "நீங்க எந்திரிச்சா நான் எந்திரிக்கணும். நீங்க நடந்தா நான் நடக்கணும். கொட்டாவி விட்டா, ஏன் ராத்திரி தூங்கலையாங்குறீங்க. சிரிச்சா, எதுக்குச் சிரிச்சேங்குறீங்க. ஒன்பது வருஷமா நான் செத்த நேரம் சும்மா உக்காரல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கோதண்டம் நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. ஆட்டிடம் பேசுவதையும் சுவரொட்டி படிப்பதையும் எப்போதோ விட்டிருந்தாள். தினமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தும் அது அவர் கண்ணில் படவில்லை. இருந்தாலும் ஆசை யாரை விட்டது. "இன்னும் ஒரு வாய்தா பாப்பமே" என்றார்.

அதிகாரி அம்மா ஒரு பாரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. "அதுக்கு முன்னால தலை யாரோடதுன்னு முடிவாகணும். தெரியாதவர் தலைக்கு வாய்தாவும் கிடையாது. சாட்சி யாரு?"

"இவதான். என் வீட்டுக்காரி."

"அம்மா, இந்தத் தலைக்காரர் பேரைச் சொல்லுங்க."

அஞ்சுகம் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ரேஷன் கார்டுக்கு வந்து கேட்டவனிடம்கூட, 'ராமர் கையில வச்சிருப்பாரே, அது' என்று சொல்லிச் சமாளித்தவள். பேர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பது அவள் அம்மா வீட்டுப் பாடம்.

"நான் எழுதித் தரட்டுங்களா?" என்று கேட்டார் கோதண்டம்.

"சாட்சி வாயால சொல்லணும். சொல்லலேன்னா கேஸ் தள்ளுபடி, தலை இப்படியே இருக்கும். உங்க இஷ்டம்."

கோதண்டத்துக்கு நிம்மதியாக இருந்தது. இவள் எங்கே சொல்லப்போகிறாள். தானாக எதையும் முடிவு பண்ண வேண்டியதில்லை. பழி கம்பெனி மேல். அஞ்சுகத்தின் முகமும் கையைவிட்டுப் போகாது. அவர் அஞ்சுகத்தைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

அஞ்சுகம் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"கோதண்டம்" என்றாள்.

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. அவள் வாயில் அந்தப் பேர் யாரோ ஒருவருடைய பேர் மாதிரி இருந்தது. அவள் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறாள் என்று கோதண்டத்துக்கு அப்போதுதான் புரிந்தது. எலும்புவரைக்கும் களைத்திருந்தாள். ஆயுசு குறைந்தால் குறையட்டும் என்கிற அளவுக்குக் களைத்திருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. கண்ணீர் முதுகில் இறங்கிச் சட்டையை நனைத்தது.

"சரிங்க" என்றார் அதிகாரியிடம். "சம்மதம்."

கையெழுத்துப் போடும் இடம் அவருக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் கீழ. இன்னும் கீழ. அங்கதான்" என்றாள் அஞ்சுகம். போட்டார். அதிகாரி அம்மா எழுந்து வந்து அவர் காது இரண்டையும் பிடித்தாள். கைகள் சில்லென்று இருந்தன. கடைசியாக ஒருமுறை அஞ்சுகத்தைப் பார்த்துக்கொண்டார். அவள் அந்த நேரம் பார்த்து மஞ்சள் பையின் காதில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. வகிடுதான் தெரிந்தது.

ஒரு சொடக்கு. அவ்வளவுதான். வலி போய்விட்டது. அதை அதிகாரி அம்மா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். எதிரே மேஜை, ஒரு உறை, அதன் மேல் ஒரு காலண்டர். காலண்டரில் தாள் ஏதும் மிச்சமில்லை, அட்டை மட்டும் இருந்தது. கோதண்டம் உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வந்த வழியாவே போங்க. திரும்பாம போங்க" என்றாள் அதிகாரி. மேஜைக்குப் பின்னால் கதவு இருந்தது. அதுதான் வந்த வழி என்று சொல்லப்பட்டது.

நடைபாதையில் கோதண்டம் முன்னால் நடந்தார். ஒன்பது வருஷத்துக்கப்புறம் போகிற திசையைப் பார்த்து நடப்பது சுலபமாகத்தான் இருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"வர்றியா?"

"வர்றேன்."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பவும் கேட்டார். "வர்றியா?"

"போங்க, வர்றேன்." குரல் எட்டக் கேட்டது. நடைபாதை நீளத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் தடவை கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஏதோ சுவரொட்டி இருந்திருக்கும், நின்று படிப்பாள். கழுத்து திரும்பத் துடித்தது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நடைபாதை போய் முடிந்த இடத்தில் பஸ் நின்றது. ஏறி, இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தார்.

"எத்தனை?"

"மன்னார்குடி ரெண்டு."

"இன்னொரு ஆள் எங்க?"

"பின்னால வர்றாங்க."

கண்டக்டர் அவர் தலைக்கு மேலாக நடைபாதையைப் பார்த்தார். நிதானமாக, கடைசிவரைக்கும் பார்த்தார். அப்புறம் ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

"ரெண்டுங்க" என்றார் கோதண்டம்.