சேற்றுக்குள் நீலம்

கச்சாய் வீதியில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருந்த சுதாகரன் அன்று காலையிலிருந்தே எந்த வேலையிலும் கை வைக்கவில்லை. கராஜுக்குப் பின்னால் கடலேரிக் களப்பின் ஓரத்துக் கண்டல் காட்டுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று இறால் பிடிப்பவர்கள் முறைப்பாடு செய்திருந்தார்கள். சோதித்துப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து தக்சாயினி வந்திருந்தாள்.

“நான் ஒரு சொட்டும் வெளியிலை ஊத்துறேல்லை, தங்கச்சி. பழைய ஒயிலை நிலத்துக்குக் கீழை தொட்டியிலை விட்டு, நிரம்பினால் விக்கிறனான்,” என்றான்.

இருவரும் பின்பக்கம் இறங்கிப் போனார்கள். கண்டல் வேர்களுக்கிடையே வானவில் நிறத்தில் ஒரு படலம் மின்னியது. ஒயில்தான் என்று சுதாகரன் நினைத்தான். தக்சாயினி ஒரு குச்சியால் அதைத் தொட்டாள். படலம் கண்ணாடிபோல் உடைந்து துண்டு துண்டாக விலகியது.

“இது ஒயில் இல்லை, அண்ணை. ஒயிலெண்டால் திரும்ப ஒட்டியிருக்கும். தண்ணியிலை கரைஞ்ச இரும்பிலை சீவிக்கிற கிருமியள் கட்டின ஆடை இது.”

கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு இத்தனை நிறமா என்று அவன் குந்தியிருந்து பார்த்தான். நெஞ்சு லேசானது.

தக்சாயினி வேலையை முடிக்கவில்லை. வீதிப் பக்கமிருந்து ஒரு வாய்க்கால் வந்து விழும் இடத்தில், துப்புரவாகத் தெரிந்த சேற்றில் கொஞ்சம் அள்ளி, ஒயிலைக் கரைத்தெடுக்கும் ஏதோ தெளிந்த திரவம் விட்டுப் போத்தலில் குலுக்கினாள். அடைய விட்டு, கறுப்புத் துணியொன்றைத் தலையோடு போர்த்துக்கொண்டு அவனையும் கூப்பிட்டாள். உள்ளே புற ஊதா டோர்ச்சை அடித்தாள்.

போத்தல் நீலமாக ஒளிர்ந்தது. சுதாகரன் கிட்டக் குனிந்தான்.

“இதென்ன?”

“எஞ்சின் ஒயில். இந்த வெளிச்சம் பட்டால் இப்பிடித்தான் மின்னும்.”

நாள் முழுக்கக் கையில் கறுப்பாக ஒட்டுகிற சாமானுக்குள் இப்படியொரு அழகு இருந்ததை அவன் அறிந்ததில்லை. பார்வையை எடுக்க முடியவில்லை, பயமாகவும் இருந்தது.

“ஆருடைய ஒயில்?”

“வாய்க்கால் வழிய போய்ப் பாப்பம்.”

மேலே போகப் போக ஒவ்வொரு போத்தலிலும் நீலம் கூடியது. கடைசிப் போத்தலை அவனுடைய கராஜ் மதிலடியில் நிரப்பினார்கள். அதன் ஒளியில் தக்சாயினியின் முகமே தெரிந்தது.

சுதாகரன் மண்வெட்டியை எடுத்துத் தொட்டியின் பக்கத்தைத் தோண்டினான். சீமெந்தில் விரல் நுழையுமளவு வெடிப்பு. அதிலிருந்து ஒயில் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது.

“நான்தான், தங்கச்சி. எனக்கே தெரியாமல் நான்தான்.”

அன்றே தொட்டியை இறைத்துப் பீப்பாய்களில் அடைத்தான். பின்னேரம் இறால்காரரிடம் போய் உள்ளதைச் சொன்னான். வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பிறகு இரண்டு பேர் மண்வெட்டியோடு கூடவே வந்தார்கள். ஒயில் ஊறிய மண்ணை எல்லோருமாக வெட்டி அள்ளினார்கள். களப்புச் சேற்றில் இறங்கிய ஒயில் போய் முடிய இன்னும் பல மாரிகாலம் செல்லும் என்று தக்சாயினி சொன்னாள்.